மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: சத்து மாத்திரை, வைட்டமின், மூலிகைப் பொடி. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் கிடையாது, மருந்தாளுநர். சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் 32 வருடம் நின்றவன். அப்பா கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடித்தவர். அதனால் திப்பிலி வாசமும் பழக்கம், அட்டை மாத்திரையும் பழக்கம். கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "இது மூலிகைதானே, இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்பதுதான். சொல்லணும். இந்தத் தடவை கிட்டத்தட்ட எல்லாப் பதிலும் அங்கேதான் போய் நிற்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. மூன்று மாதமாக பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையைப் போட்டால் வெளிக்குக் கருப்பாகப் போகிறது, பயந்துபோய் நிறுத்திவிட்டோம். இப்போது 9.2. இயற்கையாகவே ஏற்ற வழி சொல்லுங்கள் சார்."
வாசகி, திருமங்கலம்

அம்மா, அந்தக் கருப்புக்குப் பயந்திருக்கவே வேண்டாம். குடல் எடுத்துக்கொண்டது போக மிச்சமான இரும்புதான் அப்படிக் கருப்பாக வெளியே வருகிறது. மாத்திரை கொடுக்கும்போதே கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் ஆட்கள் பல பேர் சொல்வதில்லை. (இரும்பு மாத்திரை எதுவும் போடாத ஒருவருக்குத் தார் மாதிரி கருப்பாகப் போனால் அது வேறு கதை, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

பீட்ரூட்டின் சிவப்பு ரத்தச் சிவப்பு இல்லை. பீட்டாலைன் என்று ஒரு சாயம், அவ்வளவுதான். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. முருங்கைக்கீரை பரவாயில்லை, 100 கிராமில் நாலரை மில்லிகிராம் போல இருக்கிறது. ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். அண்ணா நகர் உழவர் சந்தையில் (1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது நம்ம ஊர்ச் சந்தைதான், சும்மா ஒரு பெருமைக்குச் சொல்கிறேன்) ஒரு கட்டு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து உருவி, காம்பு கழித்து, வதக்கி வைத்தால் பிள்ளை ரத்தத்துக்குப் போவது கால் மில்லிகிராம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கிறார்களே நீல மாத்திரை, அந்த ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம். கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை, தினமும் வையுங்கள். ஆனால் 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை என்கிறபோது, 9-ல் நிற்கிற பெண்ணைக் கீரையால் மட்டும் மேலே தூக்குவது வாளித் தண்ணீரால் வைகையை நிரப்புகிற மாதிரி.

மாத்திரையை எப்படிப் போட்டாள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். காலையில் காபியோடா? முக்கால்வாசி வீட்டில் அதுதான் நடக்கிறது. காபியும் டீயும் இரும்பைப் பிடித்து நிறுத்திவிடும், டீ பாதிக்கும் மேலே வீணாக்கும். பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மாத்திரை எல்லாமே இரும்புக்கு எதிரிதான். மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் இரண்டு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு அரை டம்ளரோ, ஒரு பெருநெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது, அதில் இருக்கிற வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே எடுத்துக்கொள்கிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. 12 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், காலியான சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், மாதவிலக்கில் அதிகமாகப் போகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் தலசீமியா (பரம்பரையாக வருகிற ரத்தக் குறைபாடு) மாதிரி வேறு காரணம் இருக்கலாம், அதற்குப் பரிசோதனை இருக்கிறது.

அப்புறம், புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள். புளிப்பு பட்டால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். பாட்டி சொன்னது இந்த விஷயத்தில் சரிதான்.

"வயது 63. தறி நெய்தவன். சுகருக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அசிடிட்டி மாத்திரையும் உண்டு. சுத்த சைவம். ஒரு வருடமாகப் பாதம் மதமதவென்று இருக்கிறது, ராத்திரி எரிகிறது, செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை. தெரிந்தவர் ஒருவர் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை போடச் சொன்னார், அதில் பி12 கொட்டிக் கிடக்கிறதாம். போடலாமா?"
வாசகர், செல்லூர்

ஐயா, செருப்பு கழன்றது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் பி12 குறைவதற்கான காரணம் மூன்று வரிசையாக நிற்கிறது. பல வருடம் மெட்ஃபார்மின் போட்டால் குடல் பி12-ஐ எடுத்துக்கொள்வது குறையும். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அதைத்தான் அசிடிட்டி மாத்திரை அடக்கி வைக்கிறது. மூன்றாவது சைவம். பி12 செடி கொடியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான். ஈரலில் பல வருடத்துக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால் குறைவது உடனே தெரிவதில்லை, தெரிகிற நேரத்தில் நரம்பு பாதிப் பழுதாகியிருக்கும். சுகரே நரம்பைக் கெடுக்கும் என்பதால், பாதம் எரிந்தால் எல்லாப் பழியையும் சுகர் மேல் போட்டுவிட்டுப் பி12-ஐப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். சுகரால் போன நரம்பை மீட்பது சிரமம். பி12 குறைவால் வந்ததை, சீக்கிரம் பிடித்தால், பெருமளவு சரி செய்யலாம். பரிசோதனை செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் பொய் பி12. பார்க்க அதே மாதிரி இருக்கும், உடம்பில் வேலை செய்யாது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத சாவி. இட்லி மாவு புளிப்பதில் பி12 உண்டாகிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார வேண்டாம், உங்கள் குறைவை அடைக்கிற அளவுக்கு அதில் கிடையாது. குறைவு என்று வந்தால் ஊசியோ, 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ டாக்டர் கொடுப்பார்.

இன்னொன்று. "நரம்புக்குச் சத்து மாத்திரை குடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அந்த அட்டைகள் பலவற்றில் பி6 இருக்கும். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அதுவே பாதத்தை மரத்துப் போக வைக்கும், சரி செய்ய வாங்கினதே நோயைக் கொடுக்கும். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் ஆபத்துதான். ரத்தத்தைச் சரியாக்கிக் காட்டிவிடும், நரம்பு உள்ளே அரித்துக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மருந்து.

"வயது 58. திருப்பரங்குன்றத்தில் பஜனை கோஷ்டியில் பாடுகிறேன். தொண்டைக்காக அதிமதுரம் எப்போதும் வாயில் இருக்கும். எட்டு மாதமாக பி.பி. ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மாத்திரை இரண்டாகி, இப்போது மூன்று. கால் வீங்குகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. பி.பி.க்கு நல்ல மூலிகை ஏதாவது உண்டா?"
வாசகர், திருப்பரங்குன்றம்

உண்டு ஐயா. இப்போது வாயில் இருக்கிற மூலிகையைத் துப்புவதுதான் முதல் வைத்தியம்.

அப்பா கடையில் அதிமதுரம் கோணிச் சாக்கில் வரும். வெளியே மண் நிறத் தோல், சீவினால் உள்ளே வெண்ணெய் மாதிரி மஞ்சள், நார் நாராக உரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு துண்டை எடுத்து மென்றுகொண்டே திரிவேன். அப்பா எதற்கும் கை ஓங்காதவர், அதற்கு மட்டும் மண்டையில் ஒன்று வைப்பார். "வெலைக்காக இல்லடா, அது மருந்து" என்பார். ஏன் என்று எனக்குப் புரிந்தது பி.ஃபார்ம் படிக்கும்போதுதான். அந்த இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்ற பொருள், சர்க்கரையைவிடப் பல மடங்கு தித்திப்பு. அது சிறுநீரகத்தை ஏமாற்றி உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு தங்கினால் கால் வீங்கும், பி.பி. ஏறும். பொட்டாசியம் போனால் தசை இழுக்கும். உங்கள் கடிதத்தை வரிக்கு வரி படித்தால் அதுதான் எழுதியிருக்கிறது. நீங்கள் போடுகிற மூன்று பி.பி. மாத்திரையில் ஒன்று நீர் பிரிக்கிற மாத்திரையாக இருந்தால் அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

எவ்வளவு போட்டால் அதிகம் என்றால், ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பாவில் சொல்லியிருக்கிறார்கள். வேரில் நூற்றுக்கு நாலைந்து பங்கு அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு, இரண்டரை கிராம் வேரிலேயே அந்த அளவு வந்துவிடும். சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்று. சிலருக்கு அதுகூட வேண்டாம், அதற்கும் குறைவிலேயே ஏறும். நீங்கள் நாள் முழுக்க மெல்கிறீர்கள். இருமலுக்கு நாலு நாள் சித்த மருத்துவர் கொடுக்கிற அதிமதுரச் சூரணம் வேறு, எட்டு மாதம் வாயில் ஊறுவது வேறு.

இன்றோடு நிறுத்திவிட்டு நாளைக்கே டாக்டரிடம் போய் இதைச் சொல்லுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தினாலும் இறங்குவதற்குச் சில வாரம் ஆகும். ஆனால் இறங்க ஆரம்பித்ததும் மூன்று மாத்திரையும் அப்படியே போனால் தலை சுற்றி விழுந்துவிடுவீர்கள், அதனால் அடிக்கடி பி.பி. பார்த்து அவரைக் கொண்டே குறைக்க வேண்டும். தொண்டைக்கு வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் கொப்பளியுங்கள், துப்பிவிடுவதால் அந்த உப்பு கணக்கில் வராது.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடி விற்றார். நாக்கில் இலையை வைத்துச் சர்க்கரையைப் போடச் சொன்னார், தித்திப்பே தெரியவில்லை! அப்படியானால் ரத்தத்திலும் சர்க்கரையைக் கொல்லும்தானே? பொடி சாப்பிட்டு ஒரே வாரத்தில் சுகர் 240-லிருந்து 95. மாத்திரையை நிறுத்தலாமா?"
வாசகர், உசிலம்பட்டி

அந்த வித்தை உண்மைதான் தம்பி. சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் ஆற்று மணலைக் கடித்த மாதிரி இருக்கும், அரை மணி நேரம் போல நீடிக்கும். இலையில் இருக்கிற ஒரு பொருள் நாக்கில் தித்திப்பை உணரும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்கிறது. சர்க்கரைக்கொல்லி என்ற பேரும் அதனால்தான். ஆனால் நாக்கு ஏமாந்ததற்கும் ரத்தத்தில் இறங்குவதற்கும் சம்பந்தம் கிடையாது. ரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கும் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. கொஞ்சம்தான்.

ஒரே வாரத்தில் 240-லிருந்து 95 என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. எந்த இலைக்கும் அந்த வேகம் கிடையாது. பேர் தெரியாத 'மூலிகைப் பொடி'களில் கிளிபென்கிளமைட் மாதிரி அலோபதி சுகர் மாத்திரையை அரைத்துக் கலப்பது புதிதல்ல, பல நாட்டில் பிடித்திருக்கிறார்கள். மூட்டு வலிப் பொடியில் ஸ்டீராய்டு கலப்பதும் அதே தொழில்தான். நீங்கள் ஏற்கெனவே போடுகிற மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் ராத்திரித் தூக்கத்தில் சர்க்கரை 40, 50-க்கு இறங்கி எழுந்திருக்க முடியாமல் போகும். உங்கள் பொடியில் அப்படி இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல அந்தப் பொட்டலத்தில் தயாரித்தவர் பேர், உரிமம் எண், தேதி ஏதாவது இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் இன்றோடு விடுங்கள், பொட்டலத்தையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நிறுத்துவதை அவர் பார்த்துச் சொல்வார். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் இலையை மென்றுவிடாதீர்கள், சீனியா மணலா என்றே தெரியாது!

"எங்கள் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒருவர்கூடச் சாகவில்லை. இங்கிலீஷ் மருந்து படித்தவர்கள் இதை ஏன் ஒத்துக்கொள்வதில்லை?"
வாசகர், சோழவந்தான்

ஒத்துக்கொள்ளாமல் இல்லை சார், முதலில் சோதித்துப் பார்த்ததே நம்ம சென்னைக்காரர்கள்தான். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. கிருமியை உடம்பில் சுமப்பவர்கள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு வேறு இடங்களில் செய்தபோது அந்த மாதிரிப் பலன் வரவில்லை. அதனால் கதவைச் சாத்தவும் இல்லை, மாலை போடவும் இல்லை.

உங்கள் ஊர் அனுபவத்துக்கு வருகிறேன். காமாலை என்பது நோயின் பேர் இல்லை, கண் மஞ்சளாவது ஒரு அடையாளம். கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ வகை, சில வாரத்தில் ஓய்வெடுத்தாலே அநேகமாக எல்லோருக்கும் தானாகப் போய்விடும். கீழாநெல்லி குடித்தவரும் பிழைப்பார், வேப்பமரத்தைச் சுற்றி வந்தவரும் பிழைப்பார். பிரச்சினை மிச்சப் பேருக்குத்தான். பித்தப்பைக் கல் அடைத்திருக்கலாம், குடியால் ஈரல் போயிருக்கலாம், பி அல்லது சி கிருமியாக இருக்கலாம், கணையத்தில் கட்டியாகவும் இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. இவர்களை எல்லாம் கிண்ணத்தில் ஒரே பச்சைச் சாற்றைக் கொடுத்து பத்தியத்தில் பத்து நாள் உட்கார வைத்தால் அந்தப் பத்து நாள் திரும்பக் கிடைக்காது.

கீழாநெல்லி நல்ல செடிதான், இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் கடுகு அளவில் காய் வரிசையாகத் தொங்கும், பிடுங்கும்போது அதைப் பார்த்துப் பிடுங்குங்கள். ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். நோயாளி பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ செடி தேடிப் போகாமல் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.

"முடி கொட்டுகிறது என்று ஆறு மாதமாக பயோட்டின் 10 மில்லிகிராம் போடுகிறேன். போன வாரம் தைராய்டு பார்த்ததில் தைராய்டு அதிகம் என்று வந்திருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே!"
வாசகி, விளாங்குடி

பாப்பா, தைராய்டு மாத்திரை எதையும் ஆரம்பித்துவிடாதே. பயோட்டின் நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம். நீ போடுவது அதைப்போல 300 மடங்குக்கும் மேலே. தைராய்டு பரிசோதனை செய்யும் பல இயந்திரங்கள் பயோட்டினை ஒரு பசை மாதிரிப் பயன்படுத்துகின்றன. உன் ரத்தத்தில் ஏற்கெனவே அது நிரம்பியிருந்தால் இயந்திரம் குழம்பி, தைராய்டை வேலை வாங்குகிற டி.எஸ்.எச்-ஐக் குறைத்தும், தைராய்டு சுரக்கிற டி4-ஐக் கூட்டியும் காட்டும், தைராய்டு அதிகமான மாதிரியே தெரியும். லேப் மேலும் தப்பில்லை, உன் தைராய்டு மேலும் தப்பில்லை. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் இது குறைத்துக் காட்டிவிடலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டரிடமும் லேப்பிலும் சொல்லிவிட்டு, மாத்திரையைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் நிறுத்தித் திரும்பப் பார்.

முடி கொட்டுவதற்கு உனக்கு டெங்குவோ டைஃபாய்டோ வந்து போனதா, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகப் போகும், அப்புறம் தானாக நிற்கும். இரும்புச் சத்து பார்த்தாயா? முதல் கடிதத்தைப் படித்துக்கொள்.

"உடம்பு வலிக்கு வைட்டமின் டி 60,000 யூனிட் எழுதிக் கொடுத்தார்கள். வெயில் இவ்வளவு அடிக்கிற மதுரையில் வைட்டமின் டி எப்படிக் குறையும்? சத்துதானே, தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாதா?"
வாசகி, அவனியாபுரம்

இதற்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது, சொல்ல வெட்கம்தான். வாடிப்பட்டியில் என் தாய்மாமா. முழங்கால் வலி. இதே 60,000 யூனிட், வாரம் ஒன்று என்று சீட்டில் இருந்தது. கடையில் எடுத்துக் கொடுத்தவன் நான். அன்றைக்குக் கூட்டம், அட்டையை உறையில் போட்டு நீட்டிவிட்டேன், 'வாரம் ஒன்று' என்று வாய் திறந்து சொல்லவில்லை. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தீர்ந்ததும் ஊரிலேயே வாங்கி வாங்கி, தினம் ஒன்றாக ஒன்றரை மாதம் போட்டிருக்கிறார். வாந்தி, மலச்சிக்கல், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, ராத்திரியெல்லாம் மூத்திரம், கடைசியில் அத்தை பேரையே மாற்றிக் கூப்பிட்டார். ரத்தத்தில் கால்சியம் எகிறிப்போய் ஆஸ்பத்திரியில் படுத்து, சிறுநீரகம் தப்பியதே பெரிய விஷயம். அன்றையிலிருந்து உறை மேல் தமிழில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதாமல் நான் அந்த மாத்திரையைக் கொடுத்ததில்லை.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 600 யூனிட். ஒரே மாத்திரையில் 100 நாள் கணக்கு இருக்கிறது. பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் மூத்திரத்தில் போகும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உள்ளே தங்கிச் சேரும். அதனால் வாரம் ஒன்று, டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான்.

வெயில் அடிக்கிறது, நாம் எங்கே அதில் நிற்கிறோம்? 11 மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில்தான் சருமம் வைட்டமின் டி தயாரிக்கும், அந்த நேரத்தில் எல்லோரும் ஃபேனுக்கு அடியில். கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயில் சூடுதான் தரும், வைட்டமின் தராது. மாடியில் வடகம் காயப் போடுகிற அந்த இருபது நிமிடம் முழங்கை வரைக்கும் வெயில் பட்டால் நல்லது. சித்திரையில் அது முடியாது என்பது எனக்கும் தெரியும்.

"மஞ்சள், சீந்தில், அமுக்கரா மூன்றும் சேர்ந்த கேப்ஸ்யூல் எதிர்ப்பு சக்திக்கு நல்லதா?"
வாசகர், மேலூர்

சமையல் மஞ்சளில், அதற்கு நிறம் தருகிற குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான், அதனால் சாம்பாரும் மஞ்சள் பாலும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அதையே பிழிந்து எடுத்து, மிளகுச் சத்தும் சேர்த்து அடைத்த கேப்ஸ்யூலால் ஈரல் வீங்கியவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டதாக கொரோனா சமயத்தில் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அது சீந்திலே இல்லை, வேறு கொடியாக இருக்கலாம் என்று மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும், வாங்குகிற நமக்கு எந்தக் கொடி என்று தெரியாதே. அமுக்கரா தைராய்டைத் தூண்டும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் நாடி பார்த்துக் கொடுப்பார்கள், அங்கே போங்கள். எதிர்ப்பு சக்தி என்று பொதுவாக ஏற்றுகிற மாதிரி உடம்பில் ஒரு டேங்க் கிடையாது.

"ஆட்டோ ஓட்டுகிறேன். சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல். வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கிறேன். வைட்டமின் சி 1000 மாத்திரையும் தினமும் போடுகிறேன். சரிதானே?"
வாசகர், பழங்காநத்தம்

வைட்டமின் சி-யை இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. மிஞ்சின சி உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறும், கல்லுக்கு அதுதான் செங்கல். 4 மி.மீ. பெரும்பாலும் தானாக விழுந்துவிடும், கடைசியாகக் குடித்த சாறுக்குத்தான் அந்தப் பேர் போகும். வாழைத்தண்டு உங்களுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். சவாரிக்கு இடையில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறீர்களே, கல் வந்ததே அதனாலாக இருக்கலாம். மூத்திரம் வெளிர் நிறத்தில் போகும் வரை குடியுங்கள், எலுமிச்சை பிழிந்து, உப்பு போடாமல். காய்ச்சலோடு வலி வந்தால் காத்திருக்க வேண்டாம்.

"பி காம்ப்ளெக்ஸ் போட்டதிலிருந்து மூத்திரம் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. காமாலையா?"
வாசகி, ஒத்தக்கடை

கண் வெள்ளையாக இருக்கிறதா? அப்படியென்றால் காமாலை இல்லை. பி2 என்ற ரைபோஃப்ளேவினின் சொந்த நிறமே அதுதான், மிஞ்சினது வெளியே போகிறது. யார் எழுதிக் கொடுத்தார்கள், எதற்காக என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களாக வாங்கியது என்றால் அந்த அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.